பூண்டு ஊறுகாய்க்குத் தடை

"திறக்க மாட்டேங்குது," என்றார் தூராஜ்.

"எது, வெள்ளரிக்காய் ஜாடியா? அடியில ஒரு தட்டு தட்டுங்க," என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் அவர் மனைவி மஹ்லகா.

"ஜாடி இல்லடி. என் பக்கம்!"

வெள்ளிக்கிழமை காலை. வெளியே ரஷ்த் நகரத்து வழக்கமான மழை. மேசையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் காத்திருந்தன. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. தூராஜ் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அதை உலுக்கிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார், ஜன்னலோரம் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். 'இந்தப் பக்கத்தை அடைய முடியவில்லை' என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது.

அந்தப் பக்கத்தின் பெயர் 'பூண்டு மூலை'. குடிநீர் வாரியத்தில் மீட்டர் பிரிவில் வேலை பார்க்கும் தூராஜுக்கு உலகத்தில் ஒரே ஒரு பைத்தியம், பூண்டு. எங்கள் கீலான் மாகாணத்தில் பூண்டு தின்னாதவன் கிடையாது. ஆனால் பூண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உட்கார்ந்து கேட்கிறவனும் கிடையாது. வீட்டில் பேசினால் மஹ்லகா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள். ஆபீஸில் பேசினால் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும். அதனால்தான் மனிதர் நாலு வருஷமாக, உள்ளூர்க் கம்பெனி ஒன்று சும்மா கொடுக்கும் பக்கத்தில் எழுதிவந்தார். பத்துப் பதினைந்து பேர் படித்தார்கள். "வினிகர் எவ்வளவு ஊத்தணும்?" என்று கேட்டார்கள். அவர் பதில் சொன்னார். இந்த உலகத்தில் அவர் பேச்சை முழுசாகக் கேட்டது அந்த மூலை ஒன்றுதான்.

மஹ்லகாவின் போனிலும் திறக்கவில்லை. "என் தம்பியைக் கூப்பிடுங்க. அவன்தானே வீட்டுல எல்லார் போனுக்கும் தடையைத் தாண்ட விபிஎன் போட்டுக் குடுத்தவன்," என்றாள்.

மச்சான் பெஜ்மான் வந்தான். செல்போன் கடை வைத்திருப்பவன். ரஷ்த்தில் பாதிப் பேர் தடை செய்யப்பட்டதையெல்லாம் பார்ப்பது அவன் புண்ணியத்தில்தான். ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் போனை வாங்கிப் பார்த்தான்.

"அத்தான், விபிஎன் ஓடிட்டுதான் இருக்கு. ஹாலந்து வழியா போகுது. திறக்கலையே..."

"வேற நாடு போட்டுப் பாரு."

ஜெர்மனி வழியாகப் போனான். திறக்கவில்லை. சிங்கப்பூர் போனான், கனடா போனான். ஃபின்லாந்து வழியாகவும் முயன்றான். எங்கே போனாலும் அதே வரிதான். பெஜ்மானின் முகம் மெல்ல மெல்ல மாறியது. போனை மறுபடி ஹாலந்துக்கே மாற்றி மேசைமேல் மெதுவாக வைத்தான்.

"அத்தான்... சாதாரணமா ஒரு பக்கத்தை ஃபில்டர் பண்ணி மூடினா விபிஎன் போட்டதும் திறந்துடும். எந்த நாட்டு வழியா போனாலும் திறக்கலைன்னா, இது சின்ன இடத்துத் தடை இல்ல. பெரிய இடம்."

"எவ்வளவு பெரிய இடம்?"

பெஜ்மான் கூரையைப் பார்த்தான். மஹ்லகாவும் கூரையைப் பார்த்தாள். அங்கே மழையில் ஊறிய ஈரக்கறைதான் இருந்தது.

"ஐயையோ! என்னத்தை எழுதித் தொலைச்சீங்க?" என்றாள் மஹ்லகா.

"பூண்டைப் பத்திதான்டி எழுதினேன்!"

"வெறும் பூண்டுக்கா இவ்வளவு பெரிய இடம் மெனக்கெடும்? யோசிச்சுச் சொல்லுங்க."

தூராஜ் யோசித்தார். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிடப் பெரிதாக வேறொன்று அவரைப் பிடித்துக்கொண்டது. அப்படி என்னதான் எழுதிவிட்டோம் என்கிற ஆவல். நாலு வருஷத்தில் எந்த வரி எந்தப் பெரிய மனிதரைக் குத்தியது? நம் எழுத்துக்கு அவ்வளவு காரமா? எழுதியதெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது. மூவரும் தேநீரைச் சுடவைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"இத்தனை வருஷத்துல இப்பத்தான் முதல் தடவையா இதைப் படிக்கிறேன்," என்றாள் மஹ்லகா.

"அது எனக்குத் தெரியாதாக்கும்!"

பெஜ்மான் துப்பறிகிறவனைப்போல் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். யானைப் பூண்டு பற்றிய கட்டுரையைத் தாண்டினான். தோலுரிக்கும் முறைகளைத் தாண்டினான். திடீரென்று நிமிர்ந்தான்.

"மாட்டிக்கிச்சு! இதைக் கேளுங்க. 'மூடியை ரொம்ப இறுக்கினால் உள்ளே காற்று சேர்ந்துகொண்டே போகும். அவ்வப்போது லேசாகத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் ஜாடி வெடித்தே தீரும்.' அத்தான்! இதையா எழுதினீங்க?"

"அது வெள்ளரிக்காய் உப்பில ஊறப்போடுறதைப் பத்தி."

"யாருகிட்ட கதை விடுறீங்க?"

"சத்தியமா வெள்ளரிக்காய்தான்டா!"

"சரி, இது? 'ஏழு வருஷமான பூண்டு கறுத்துச் சுருங்கிப்போனாலும் அதை மேல்தட்டிலிருந்து இறக்க யாருக்கும் மனம் வருவதில்லை.' மேல்தட்டு! இறக்க மனம் வரலையாம்! அக்கா, உன் புருஷன் எமகாதகன்."

மஹ்லகா கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் பார்த்ததில்லை. அதில் திகில் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. தூராஜுக்கு ஒரு கணம் உண்மையைச் சொல்லவே மனசு வரவில்லை.

"நான் பூண்டை மட்டும்தான் நினைச்சு எழுதினேன்," என்றார். ஆனால் சொன்னபோது குரலில் பழைய உறுதி இல்லை.

"பக்கம் போனா போகட்டும் அத்தான். எழுத்து போகலையே! என் சேனல்ல போட்டு விடுறேன்," என்றான் பெஜ்மான்.

"உன் சேனல் இருக்கிற ஆப்பையே தடை பண்ணியிருக்காங்களேடா?"

"அதனாலதான் எல்லாரும் அங்க இருக்காங்க."

அன்று மாலைக்குள் 'தடை செய்யப்பட்ட பூண்டு மூலை' என்ற தலைப்பில் தூராஜின் நாலு வருஷ எழுத்தும் பெஜ்மானின் சேனலில் ஏறிவிட்டது. நாலு வருஷமாகப் பத்துப் பேர் படித்ததை ஞாயிற்றுக்கிழமைக்குள் பத்தாயிரக்கணக்கில் படித்துவிட்டார்கள். தடை என்ற ஒரு சொல்லுக்கு எங்கள் நாட்டில் இருக்கிற இழுப்பு வேறெதற்கும் கிடையாது. பிடுங்கி எறிந்த களையை யாராவது தடை செய்தால் நாங்கள் அதையும் வாங்கி வந்து சமைத்துப் பார்ப்போம்.

குடிநீர் வாரியத்தில் தூராஜுக்கு வரவேற்பு விசித்திரமாக இருந்தது. இதுவரை அவருக்கு சலாம் வைக்காதவர்கள் எழுந்து நின்று கை குலுக்கினார்கள். இதுவரை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார்கள். மேலதிகாரி அவரைப் பார்த்ததும் கழிவறைக்குள் புகுந்து, அவர் போகும்வரை வெளியே வரவில்லை. கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் மாடிப்படியில் வழி மறித்துக் காதோடு கேட்டார்.

"சார், அந்த ஜாடி... எப்ப வெடிக்கும்னு நினைக்கிறீங்க?"

"உப்பு சரியா போட்டா வெடிக்காது."

"ஆகா!" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். "உப்பு சரியா போட்டா! என்ன ஆழம் சார்!"

சேனலில் கருத்துகள் வந்து குவிந்தன. தூராஜ் ஒவ்வொன்றையும் ஆவலோடு படித்தார். கறுத்த பூண்டு யார், வினிகர் எந்தக் கட்சி, தோலுரிப்பது என்றால் எதை உரிப்பது என்று அடித்துக்கொண்டார்கள். எழுதியவரையே யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒலிபரப்பாகும் வானொலி ஒன்றில் இரண்டு அறிஞர்கள் ஒரு மணி நேரம் வாதாடினார்கள். இணையத்தில் எதையும் எழுத எல்லோருக்கும் உரிமை உண்டு, பூண்டு ஒரு சாக்கு என்றார் ஒருவர். எதற்கும் ஒரு வரம்பு வேண்டும், இன்றைக்குப் பூண்டை விட்டால் நாளைக்கு வெங்காயம் வரும் என்றார் மற்றவர்.

தூராஜுக்கு முதலில் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் போனதும் மனசு கனத்தது. பல்லாயிரம் பேர் படித்திருக்கிறார்கள், ஒருத்தர்கூட வினிகர் எவ்வளவு என்று கேட்கவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"எனக்கு இந்தப் பேரு புகழெல்லாம் வேணாம் மஹ்லகா. என் மூலை எனக்குத் திரும்பி வரணும். அவ்வளவுதான்."

"அப்படின்னா உண்மையைச் சொல்லிடுங்க. பூண்டுன்னா பூண்டுதான்னு எழுதுங்க. பெரிய இடத்துக்குப் புரிஞ்சா திறந்துவிடுவாங்க."

சரியான யோசனையாகத்தான் பட்டது. தூராஜ் உட்கார்ந்து சுருக்கமாக எழுதினார்: 'நான் எழுதியது பூண்டைப் பற்றி மட்டுமே. அதில் வேறு பொருள் எதுவும் இல்லை. யாரும் என்னை இப்படி எழுதச் சொல்லவில்லை. நான் நலமாக இருக்கிறேன்.' பெஜ்மான் அதை அப்படியே சேனலில் போட்டான்.

அவ்வளவுதான், ஊர் கொந்தளித்தது.

'பாவம், பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்' என்று ஒருவர் எழுதினார். 'மிரட்டி எழுத வைத்திருக்கிறார்கள், நடையைப் பார்த்தாலே தெரிகிறது' என்றார் இன்னொருவர். 'நான் நலமாக இருக்கிறேன் என்று நலமாக இருக்கிறவன் எழுதுவானா?' என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தாள். அந்தக் கேள்வி மட்டும் ஆயிரக்கணக்கான பேருக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை வாசலில் யாரோ பூண்டுச் சரம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தட்டு நிறையச் சாதமும் குழம்பும் கொண்டுவந்து கொடுத்து, மஹ்லகாவிடம் துக்கம் விசாரித்தார். தூராஜ் அப்போது அவள் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"நான் இங்கதானே நிக்கிறேன்!" என்றார்.

"தைரியமா இருங்க தங்கச்சி," என்று மஹ்லகாவிடம் சொல்லிவிட்டு, அவரைக் கண்கொண்டு பார்க்காமலே போய்விட்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

"போதும்டா சாமி," என்று கோட்டை மாட்டினார் தூராஜ். "நானே நேர்ல போய்க் கேட்டுடறேன்."

"எங்க?" என்று பதறினான் பெஜ்மான்.

"மூடுற ஆபீசுக்கு."

"அத்தான், அங்க யாரும் தானா போக மாட்டாங்க. கூட்டிட்டுதான் போவாங்க!"

"அப்ப நான்தான் முதல் ஆளு."

இணையப் பக்கங்களை மூடும் மாகாண அலுவலகம், மாநகராட்சிச் சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. நடைபாதையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் கறுப்புச் சாதர் போர்த்திய ஒரு அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெயர் அக்தஸ் கானும் ('கானும்' என்பது எங்கள் பக்கம் 'அம்மா' என்பதுபோல மரியாதைச் சொல்), பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ரஷ்த்தில் சிவப்பு விளக்குக்கு நின்று தெருவைக் கடக்கும் ஒரே பிறவி இவர்தான் என்று எங்கள் ஊரில் சொல்வதுண்டு.

"உக்காருங்க தம்பி. மழையில நனைஞ்சிட்டீங்களே. நீங்க எதை மூடச் சொல்ல வந்திருக்கீங்க?" என்றார்.

"நான் மூடச் சொல்ல வரலைம்மா. மூடினதைத் திறக்கச் சொல்ல வந்திருக்கேன்."

"ஓகோ! நீங்க அந்தக் கோஷ்டியா?" என்று சாதரை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார் அக்தஸ் கானும்.

தூராஜுக்கு ஆவல் அடங்கவில்லை. "நீங்க எதை மூடச் சொல்றீங்க?"

"மேல் வீட்டுக்காரன் மைனா வளர்க்கிறான். அதுக்குப் பேசக் கத்துக்குடுத்திருக்கான். என் பேரைச் சொல்லித் திட்டுது. அதைப் படம் பிடிச்சு இணையத்துல போடுறான். நாடே பார்த்துச் சிரிக்குது."

"பார்த்தீங்களா?"

"நான் எதுக்குப் பார்க்கிறேன்? பார்த்தவங்க வந்து சொல்றாங்க. சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க."

"தப்புதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, மைனாவா இருந்தாலும் வாயைக் கட்டிப்போடலாமா? பேசட்டுமே."

"தாராளமா பேசட்டும். என்னைப் பத்தி எதுக்குப் பேசணும்? அந்த வீட்டுக்காரனைப் பத்திப் பேசட்டுமே, நானும் சேர்ந்து கேட்கிறேன்."

"எல்லாரும் இப்படியே அவங்கவங்களுக்குப் பிடிக்காததை மூடச் சொன்னா, கடைசியில என்னதாம்மா மிஞ்சும்?"

"நிம்மதி மிஞ்சும்," என்றார் அக்தஸ் கானும். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா ஒண்ணு தம்பி. உள்ளே இருக்கிற அதிகாரி செதாகத், அந்த மைனா பக்கம் ஏற்கெனவே மூடியாச்சுங்கறார். எப்பவோ மூடினதாம். மூடினதை எப்படி ஊரே பார்க்குதுன்னு கேட்டா முழிக்கிறார். இன்னொரு தடவை நல்லா மூடுங்கன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்," என்றார்.

அதற்குள் தூராஜின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

செதாகத் நாற்பதைத் தாண்டிய மனிதர். கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் தேநீர், வாயில் சர்க்கரைக்கட்டி. தூராஜின் பெயரைக் கேட்டதும் கட்டியைக் கடிக்காமலே விழுங்கிவிட்டார்.

"பூண்டு மூலை தூராஜா? நீங்க... உங்களைப் பிடிச்சிட்டதா சொன்னாங்களே?"

"யாரு பிடிச்சா?"

"நாங்கதான்னு சொன்னாங்க. எனக்கே தெரியாதேன்னு ரெண்டு நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன். உக்காருங்க, உக்காருங்க. தேநீர் சாப்பிடுங்க."

தூராஜ் தேநீரைத் தொடவில்லை. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "சார், எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். நான் எழுதினதுல எந்த வரி தப்பு? சொல்லுங்க, அழிச்சிடறேன். பக்கத்தை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. நாலு வருஷ உழைப்பு சார்."

"எனக்கும் அதேதான் சார் தெரியணும்!" என்றார் செதாகத். "ராத்திரி உக்கார்ந்து முழுசையும் படிச்சேன், உங்க மச்சான் சேனல்ல. அந்த வெள்ளரிக்காய் விஷயம் நல்லா இருந்துச்சு. ஆனா மூடுறதுக்கு அதுல ஒண்ணும் இல்லையே."

"அந்த சேனலைப் பார்க்க விபிஎன் வேணுமே சார்?"

செதாகத் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க வேலையே, மூடினதைத் தினமும் பார்த்து, மூடினது சரிதானான்னு சொல்றது. விபிஎன் இல்லாம எப்படிப் பார்க்கிறது? காலைல வந்ததும் முதல் வேலையா அதைப் போட்டுடுவோம். சாயங்காலம்தான் எடுப்போம். சில பேரு எடுக்கிறதே இல்ல."

தன் கம்ப்யூட்டரில் பூண்டு மூலையின் முகவரியைத் தட்டினார். தூராஜ் எட்டிப் பார்த்தார். 'இந்தப் பக்கத்தை அடைய முடியவில்லை.'

"பார்த்தீங்களா? இங்கயும் இல்ல," என்றார் செதாகத். பிறகு மூடிய பக்கங்களின் பதிவில் தேடினார். மேலே போனார், கீழே வந்தார். நெற்றி வியர்த்தது. "பதிவுல உங்க பேரே இல்லையே! நான் மூடலை. என் ஆளுங்களும் மூடலை. அப்படின்னா தெஹ்ரான்ல இருந்து யாரோ என் தலைக்கு மேல மூடியிருக்காங்க. என் மாகாணத்துப் பூண்டை, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம!"

மனிதருக்கு உண்மையாகவே வலித்துவிட்டது. எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார்.

"நீங்களாச்சும் திறந்து விடுங்களேன் சார்," என்றார் தூராஜ்.

"எப்படித் திறக்கிறது? நான் மூடினதைத்தான் நான் திறக்க முடியும். மூடாததைத் திறக்கச் சொல்லி மேலே எழுதினா, 'இது உன் பதிவிலேயே இல்லையே, உனக்கு எப்படித் தெரியும்?'னு என்னைத்தான் கேள்வி கேட்பாங்க." திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. "இருங்க. ஒரு வழி இருக்கு!"

"என்ன சார்?"

"முறைப்படி நான் ஒரு தடவை மூடிடறேன்."

"மூடினதையா?"

"ஏற்கெனவே மூடிக்கிடக்கிறதுதானே, உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. நான் மூடினா பதிவுல ஏறிடும். ஏறின உடனே திறக்கச் சொல்லி நீங்க ஒரு மனு குடுக்கலாம். நானே சிபாரிசு எழுதுறேன். 'வெறும் பூண்டு, ஆபத்து இல்லை'ன்னு கொட்டை எழுத்துல எழுதுறேன்."

தூராஜுக்கு எங்கேயோ உறுத்தியது. ஆனால் அந்த மனிதர் இவ்வளவு அக்கறையாகச் சொல்லும்போது மறுப்பது மரியாதையில்லை. "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்," என்றார் தயங்கித் தயங்கி.

"சிரமமா! உங்க எழுத்துக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா? உங்களுக்காக என் உயிரே போகட்டும்," என்றார் செதாகத்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. உங்க நிழல் எங்க தலைமேல நீடிக்கட்டும்."

"எல்லாம் உங்க பெருந்தன்மை."

இப்படி இருவரும் மாறி மாறி மரியாதை செய்துகொண்டதில், வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நேரம் கடந்துபோய்விட்டது. 'என் பக்கத்தைத் தடை செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை' என்ற வரியின் கீழே தூராஜ் கையெழுத்துப் போட்டார். செதாகத் ஒரு பொத்தானை அழுத்தினார், முத்திரை குத்தினார். முகவரியை மறுபடி தட்டிப் பார்த்தார். அதே வரி வந்தது.

"பாருங்க, திறக்கலை. இப்பத்தான் முறைப்படி திறக்கலை," என்றார் திருப்தியாக.

தூராஜுக்கு உயிர் வந்தது. ஆபத்தான மனிதர் என்ற பட்டமும் போய்விடும், பக்கமும் வந்துவிடும். வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வாரம் கழித்து அன்றைக்குத்தான் அவருக்குத் தேநீர் ருசித்தது.

"மனு எப்ப சார் பாஸாகும்?"

"மூடுறது இங்க, ஒரு நிமிஷ வேலை. திறக்கிறது தெஹ்ரான்ல. அதுக்கு ஒரு கமிட்டி இருக்கு. அது கூடணும்."

"எப்ப கூடும்?"

செதாகத் விரலால் மோவாயைத் தேய்த்தார். "போன தடவை கூடினப்ப என் பொண்ணு தவழ்ந்துக்கிட்டிருந்தா. இப்ப பள்ளிக்கூடம் போறா. ஆனா கூடிட்டாங்கன்னா சீக்கிரம் முடிச்சிடுவாங்க."

தூராஜ் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். பரவாயில்லை, எப்படியும் மூடிக்கிடந்ததுதானே, காத்திருக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அக்தஸ் கானும் உள்ளே வந்தார். "தம்பி செதாகத், எவ்வளவு நேரம் ஒருத்தரையே வச்சுப் பேசுவீங்க? என் மைனா என்ன ஆச்சு?"

"கொஞ்சம் பொறுங்கம்மா. பெரிய விஷயம் ஓடிட்டிருக்கு. பூண்டு மூலையைப் பத்திப் பேசிட்டிருக்கோம்."

"பூண்டு மூலையா!" அக்தஸ் கானுமின் முகம் விரிந்தது. "நானும் அதைத் தவறாம படிப்பேனே! பஸ்ஸில வரும்போதுகூட அந்த வெள்ளரிக்காய் ஊறப்போடுறதைப் படிச்சிட்டுத்தான் வந்தேன். எழுதுறவர் யாரோ தெரியலை, நல்ல மனுஷன்."

தூராஜ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"எதுல படிச்சீங்க? பெஜ்மான் சேனல்லயா?" என்று தூராஜ் கேட்டார்.

"சேனலா? எனக்கு அதெல்லாம் தெரியாது. அந்தப் பக்கத்துலதான்."

"அது ஒரு வாரமா திறக்கவே இல்லையேம்மா!" என்றார் செதாகத்.

"யாரு சொன்னா? எனக்குத் தினமும் திறக்குது. நான் உங்களை மாதிரி விபிஎன் போட்டுத் திருட்டுத்தனமா வெளிநாட்டு வழியா போறவ இல்ல. பேங்க் ஆப்பே விபிஎன் ஓடினா திறக்க மாட்டேங்குதாமே, எங்க கிளை மேனேஜர்தான் சொன்னார். நம்ம ஊருப் பக்கங்களெல்லாம் இப்ப வெளிநாட்டு வழியா வர்றவங்களை உள்ளே விடுறது இல்லையாம். நான் முன்வாசல் வழியா போறேன், டக்குனு திறக்குது."

செதாகத்தின் கை தன்னையறியாமல் கம்ப்யூட்டரை நோக்கிப் போனது. தூராஜ் தன் போனை எடுத்துப் பார்த்தார். மூலையில் பெஜ்மான் போட்டுக் கொடுத்த ஹாலந்துக் கொடி சின்னதாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"நம்பிக்கை இல்லையா? இருங்க, காட்டுறேன்," என்று அக்தஸ் கானும் கைப்பையிலிருந்து தன் பழைய போனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாக விரலால் தட்டினார். போனைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு கோபமாக நிமிர்ந்தார்.

"என்னய்யா அநியாயம் இது! இத்தனை நாளா திறந்து கிடந்ததை, நான் வெளியே உக்கார்ந்திருந்த நேரத்துல எவன்யா வந்து மூடச் சொன்னான்?"